சின்னப் பேத்தை மீனை வீட்டில் வளர்க்க: சூலூர்பேட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

நான் வாங்கிய முதல் பேத்தை மீன் (பயந்தால் உடம்பை உப்பிக்கொள்ளும் ‘பஃபர்’) ஒன்பதாம் நாள் செத்துப்போனது. அது நோயால் சாகவில்லை. தவறான தண்ணீர், தயாராகாத தொட்டி, அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைக் கொன்றன. இரண்டாவது மீனை ஏழு வாரம் காத்திருந்து வாங்கினேன். அது இன்றும் என் மேசைக்குப் பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது. அந்த ஏழு வாரத்தில் என்ன செய்தேன், எவ்வளவு செலவானது, எங்கெல்லாம் சறுக்கினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாடு–ஆந்திர எல்லையை ஒட்டிய தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், உவர்நீர் (நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள தண்ணீர்) மீன் வளர்க்க நினைக்கும் எவருக்கும் இது உதவும்.

1. எந்தப் பேத்தை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் ‘பஃபர்’ என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று மீன்களை விற்கிறார்கள். மூன்றுக்கும் தேவை வேறு வேறு. இங்கே தவறினால் அடுத்த எல்லாப் படிகளும் வீண்.

முதலாவது பீ பஃபர். கேரளத்து ஆறுகளைச் சேர்ந்தது, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளராது. இது முழுக்க நன்னீர் மீன், உப்பு போடவே கூடாது. இரண்டாவது பச்சைப் புள்ளிப் பஃபர். பளிச்சென்ற பச்சை முதுகில் வட்டமான கரும்புள்ளிகள் இருக்கும். கடையில் கட்டைவிரல் நக அளவில் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளர உப்பும் அதிகம் கேட்கும், பெரிய தொட்டியும் கேட்கும். சின்ன வீட்டுக்கு இது ஒத்துவராது.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் மீன்: ஃபிகர் எய்ட் பஃபர். தென்கிழக்கு ஆசிய உவர்நீர்ப் பகுதிகளைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஆறேழு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பழுப்புப் பச்சை முதுகில் மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து எட்டு என்ற எண்ணைப் போலத் தெரியும். முதுகுத் துடுப்பின் அடியிலும் வால் பக்கத்திலும் வளையமிட்ட கண் போன்ற கரும்புள்ளி இருக்கும். வயிறு வெள்ளை. இரண்டடித் தொட்டியில் ஒன்றே ஒன்றை நிம்மதியாக வளர்க்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். அதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

“நம்ம ஏரியிலேயே பேத்தை இருக்கே, பிடித்து வந்தால் என்ன?” என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலப் பக்கமும் பறவைகள் சரணாலயம். அனுமதி இல்லாமல் அதற்குள்ளிருந்து உயிரினங்களை எடுக்கச் சட்டம் இடம் தராது. வலையில் ஏறிய மீன் அடிபட்டிருக்கும், எந்த இனம் என்றும் உறுதியாகத் தெரியாது. கடையில் வாங்கிய மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவதும் அதே அளவு தவறு.

2. செலவும் நாட்களும்

நான் வாங்கியபோது ஆன கணக்கு இது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

மூடியோடு 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் உள்ள தொட்டி 1,600 ரூபாய். தொங்கவிடும் ஃபில்டர் 900. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் 450. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1,300. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் (இவை என்ன என்பது ஐந்தாம் படியில் வரும்) பார்க்கும் சொட்டு மருந்து கிட்கள் 2,200. கடல் உப்பு நான்கு கிலோ 1,000. தெர்மாமீட்டர் 80, மணல் 200. மீன் 400. மொத்தம் 8,130 ரூபாய். இதில் மீனின் விலைதான் மிகச் சிறியவற்றில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். முதல் தடவை நான் மீனுக்கும் தொட்டிக்கும் மட்டும் பணம் எடுத்து வைத்திருந்தேன், கிட் வாங்கவில்லை. அந்த மிச்சம்தான் மீனின் உயிரை வாங்கியது.

மாதச் செலவு உப்பு, கேன் தண்ணீர், தீனி எல்லாம் சேர்ந்து 400 ரூபாய்க்குள் அடங்குகிறது.

கால அளவு ஏழு வாரம். தீபாவளி கழிந்ததும் தொட்டியைத் தொடங்கினால் பொங்கலுக்கு முன் மீன் வந்துவிடும். அந்தச் சமயத்தில் வெயில் இல்லாததால் மீனைப் பஸ்ஸில் கொண்டுவருவதும் எளிது. மே மாதத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

காகிதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மீனின் பில்லில் ‘பஃபர்’ என்று மட்டும் எழுதாமல் ‘ஃபிகர் எய்ட், ஒசெல்லேட்டஸ்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரை எழுதத் தயங்கும் கடைக்காரருக்கு எந்த மீனை விற்கிறோம் என்று தெரியவில்லை என்று அர்த்தம். ஃபில்டர், பம்ப் ஆகியவற்றின் வாரண்டி அட்டையையும் அதோடு பின் அடித்து வையுங்கள். மாநில எல்லையைத் தாண்டும்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பில் சட்டைப்பையில் இருந்தது. இன்னொரு காகிதம் நீங்களே எழுத வேண்டியது: நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, உப்பு அளவு, அம்மோனியா, நைட்ரைட், வெப்பம், என்ன தின்றது என்று ஒரு வரி. பிரச்சினை வரும்போது அந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

3. தண்ணீரும் உப்பும்

இந்த மீன் வளர்ப்பில் பாதி வேலை இதுதான்.

சமையல் உப்பு உதவாது. மீன் கடையில் ‘அக்வேரியம் சால்ட்’ என்று பாக்கெட்டில் விற்கும் கல்லுப்பும் உதவாது. இரண்டிலும் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான். கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். அதில் கால்சியம், மெக்னீசியம், தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டுகள் எல்லாம் உண்டு.

ஏரித் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து ஊற்றலாம் என்ற யோசனை எனக்கும் வந்தது, செய்தும் பார்த்தேன். பழவேற்காட்டுத் தண்ணீரின் உப்பு ஒரு நிலையில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு மிகவும் இறங்கிவிடும். கோடையில் நீர் வற்றும்போது கடலைவிட அதிகமாக ஏறிவிடும். அதோடு கிருமிகளும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரில் வாழும் மீன் அங்கேயே பிறந்து பழகியது. உங்கள் தொட்டி மீனுக்கு நேற்றைய அளவே இன்றும் வேண்டும்.

எங்கள் தெரு போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதனால் நான் வாட்டர் பிளான்ட்டில் 20 லிட்டர் கேன் வாங்கி, அதில் உப்பைக் கலக்கிறேன். நகராட்சிக் குழாய் நீர் நன்றாக வரும் ஊர் என்றால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் குளோரினை முறிக்க ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம்.

அளவு: ரிஃப்ராக்டோமீட்டரில் 1.005 முதல் 1.006 வரை காட்ட வேண்டும் (உப்பே இல்லாத தூய நீர் 1.000, உப்பு கூடக் கூட எண்ணும் கூடும்). அதற்கு லிட்டருக்குச் சுமார் 8 முதல் 9 கிராம் உப்பு பிடிக்கும். என் தொட்டி தளும்பத் தளும்ப 70 லிட்டர். மணலுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் போக 55 லிட்டர்தான் நிற்கிறது. ஆனால் முதல் நாளே முழு அளவும் போட வேண்டாம். 1.002-ல் தொடங்குங்கள். லிட்டருக்கு 3 கிராம், ஆக என் தொட்டிக்கு 165 கிராம் ஆனது. காரணம் ஆறாம் படியில் வரும்.

உப்பைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டாதீர்கள். முந்தின நாள் இரவு பக்கெட்டில் கலந்து, ஏர் கல்லைப் போட்டு ஓடவிட்டு, காலையில் அளந்துவிட்டு ஊற்றுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரையும் மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு சரியாக 1.000-ல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மேலே உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை நிரப்ப உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். எனக்கு அது தெரியாது. ஒரு கோடை முழுக்க, மின்விசிறி ஓடியதால் நாளுக்கு ஒரு லிட்டர் வரை இறங்கிய தொட்டியில், பக்கெட்டில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஒரு நாள் சந்தேகப்பட்டு அளந்தால் 1.006 இருந்தது 1.009-க்கு ஏறியிருந்தது. மீன் தப்பியது. ஆனால் அந்த வாரங்களில் அது மூலையில் கறுத்துப்போய் நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இப்போது தொட்டியின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மட்டம் கோட்டுக்குக் கீழே போனால் வெறும் கேன் தண்ணீர். தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் உப்புத் தண்ணீர்.

4. தொட்டிக்குள் என்ன வைக்கலாம்

அடியில் மெல்லிய மணல் இரண்டு அங்குலம். அதோடு ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சல். உப்பு குறைவாகக் கலப்பதால் கேன் தண்ணீரின் காரத்தன்மை நாளடைவில் இறங்கப் பார்க்கும். கிளிஞ்சல் மெதுவாகக் கரைந்து அதை மீண்டும் தூக்கிப் பிடிக்கும். சுண்ணாம்புக்குப் போகும் சாதாரணக் கிளிஞ்சலே போதும், வெந்நீரில் கழுவிப் போடுங்கள். அழகுக்கென்று பவளப்பாறைத் துண்டு யார் தந்தாலும் வாங்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது.

மறைவிடங்கள் நிறைய வேண்டும். உடைந்த மண்சட்டி, ஓடு, வேர்க்கட்டை எதுவானாலும் சரி. இந்த மீன் வேலை தேடும் மீன். காலியான தொட்டியில் விட்டால் நாள் முழுக்கக் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓடும். வேறு மீன் சேர்க்காதீர்கள். துடுப்பைக் கடித்துவிடும்.

உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் பொருக்கு கட்டும். லைட், பிளக் எல்லாம் அதில் கெடும். வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறும்படி வையுங்கள், வயரில் வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாது.

5. ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓட்டுங்கள்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். அந்தப் பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உவர்நீரில் பி.எச். அதிகம், நம் ஊரில் வெப்பமும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமையாகும். செதில் இல்லாத பேத்தை அதைத் தாங்காது.

சின்ன இறால் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் முடிந்து தொட்டிக்குள் போடுங்கள். நாற்றம் வரும், வரட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் நிற்கும். அப்போது மறுபடியும் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த நாள் சோதனைகளிலும் இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால் தொட்டி தயார். துணி முடிச்சை எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

உங்கள் கிட் காட்டும் நிறத்தில் சந்தேகமா? இந்தப் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. கூடூர் வரை இறால் பண்ணைகள் இருப்பதால் அவர்களுக்காகத் தண்ணீர் பார்க்கும் அக்வா லேப்கள் உண்டு. சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் கொடுத்தால் உப்பு, அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை எல்லாம் சிறிய கட்டணத்தில் பார்த்து எழுதித் தருகிறார்கள். நான் மூன்று தடவை கொடுத்து என் கிட்டை ஒப்பிட்டுக்கொண்டேன்.

6. மீன் வாங்கும் நாள்

சென்னையில் கொளத்தூர்தான் வண்ண மீன்களுக்குப் பெரிய இடம். எங்களுக்கு மாதவரம் பேருந்து நிலையம் வழியாகப் போய் வருவது எளிது. காலையில் போய் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

முதல் தடவை எனக்கு விற்ற கடையில், “சாதா தண்ணியிலேயே இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். கொஞ்ச நாள் இருக்கும், பிறகு மெலிந்து நோய் பிடிக்கும். ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைத் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு அளந்து பார்த்தால் மீன் எதில் பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது முறை நான் அளந்தபோதும் 1.000-தான் காட்டியது. அதனால்தான் தொட்டியை 1.002-ல் தொடங்கச் சொன்னேன். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் படிப்படியாக ஏறுவதே நல்லது.

மீனைப் பார்க்கும் விதம்: மேலிருந்து பார்த்தால் உடம்பு சற்று உருண்டையாக இருக்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால் குடல் புழுவாக இருக்கலாம். கண் இரண்டும் தனித்தனியே சுழன்று உங்களைப் பார்க்க வேண்டும். வாயை மூட முடியாதபடி பல் நீண்டிருந்தால் விடுங்கள். “கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க அண்ணே” என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

வலையில் அள்ள விடாதீர்கள். பயந்து உப்பும்போது தண்ணீருக்கு வெளியே இருந்தால் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்ற முடியாமல் சாகக்கூடும். தண்ணீருக்குள்ளேயே கப்பில் பிடித்துப் பையில் விடச் சொல்லுங்கள். கடித்து ஓட்டை போடும் என்பதால் இரட்டைப் பை. பையைத் துண்டில் சுற்றித் துணிப்பையில் இருட்டாக வைத்துக் கொண்டுவந்தேன்.

வீட்டில் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, மீனைத் தண்ணீரோடு சின்ன வாளியில் ஊற்றுங்கள். ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக வாளியில் விழும்படி விடுங்கள். இரண்டு மணி நேரம். பிறகு கப்பில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வாரங்களில் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் 1.006-க்குக் கொண்டுவாருங்கள்.

7. சாப்பாடும் பல்லும்

பேத்தையின் நான்கு பற்களும் அலகு போல ஒட்டி, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள தீனியைக் கடித்துத்தான் அது தேயும். பாக்கெட் குருணைத் தீனியை நம்பினால் சில மாதங்களில் வாய் திறக்க முடியாத அளவுக்குப் பல் வளர்ந்து மீன் பட்டினியால் சாகும்.

முக்கியத் தீனி சின்ன நத்தை. வயல் நத்தையை நேரடியாகப் போடாதீர்கள், அதில் பூச்சி மருந்தும் ஒட்டுண்ணியும் இருக்கலாம். தொட்டிச் செடிகளோடு வரும் தட்டை நத்தையை ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டு, வாரம் இரண்டு முறை வெந்த கீரைத் தண்டோ வெள்ளரித் துண்டோ போட்டால் அவை பெருகிவிடும். நான் தொட்டி அமைத்த அன்றே நத்தை டப்பையும் வைத்தேன், மீன் வந்தபோது தீனி தயாராக இருந்தது. கூம்பு வடிவ மலேசிய நத்தையின் ஓடு மிகவும் கெட்டி, பல் உடையக்கூடும்.

அது நத்தை தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே இடத்தில் அசையாமல் மிதந்து, வாலை ஒரு பக்கம் மடித்துக்கொண்டு, நத்தை கொம்பை நீட்டும்வரை காத்திருக்கும். நீட்டியதும் ஒரே பாய்ச்சல். ‘டக்’ என்று ஓடு உடையும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும்.

நத்தையோடு தோல் உரிக்காத சின்ன இறால், நண்டின் மெல்லிய கால், மட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பழவேற்காட்டு இறாலைப் பச்சையாக வாங்கி, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் கழுவி, சின்னத் துண்டுகளாக ஐஸ் டிரேயில் உறைய வையுங்கள். குட்டி மீனுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வயிறு லேசாக உருண்டதும் நிறுத்துங்கள். உங்களைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடிவந்து உடம்பை ஆட்டிக் கேட்கும், அதற்கு இரங்கிவிடாதீர்கள். மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும்.

8. வாரம், கோடை, கரண்ட் கட்

வாரம் ஒருமுறை 15 லிட்டர் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள் என்பது இலக்கு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஹீட்டர் எங்களுக்குத் தேவைப்படவில்லை, வெயில்தான் பிரச்சினை. மூடியைக் கம்பி வலையாக மாற்றி, சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். புயல் காலத்தில் கரண்ட் போகும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

9. உடம்பு சரியில்லை என்றால்

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பிறகு மருந்தைப் பற்றி யோசியுங்கள். வயிறு கறுத்தால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டால், தின்னாமல் இருந்தால் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். செம்பு கலந்த மருந்துகள் பேத்தைக்கு ஆகாது. கடையில் தரும் பாட்டிலில் காப்பர் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பொன்னேரியில் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சந்தேகத்துக்கு அங்குள்ளவர்களைப் போய்ப் பார்க்கலாம்.

பேத்தை வகை மீன்கள் பலவற்றின் உடலில் டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் உண்டு, அதற்கு முறிமருந்து கிடையாது. தொட்டியில் நீந்துவதால் உங்களுக்கு ஆபத்தில்லை. செத்தால் பூனைக்கோ நாய்க்கோ எட்டாமல் ஆழமாகப் புதையுங்கள். உயிரோடு இருக்கும்போதும் குழந்தைகள் விரலைத் தண்ணீரில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாகவே கடிக்கும்.

10. ஊருக்குப் போகும்போது

வளர்ந்த மீன் நான்கைந்து நாள் தீனி இல்லாமல் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றி, ஐந்தாறு நத்தைகளை உள்ளே விட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லாதீர்கள், அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நான் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியோடு கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று. சமையலறையில் இரண்டு பாட்டில் வெறும் கேன் தண்ணீர் மூடி வைத்திருக்கும். மட்டம் மார்க்கர் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் கோடு வரை அதை ஊற்ற வேண்டும். உப்புப் பக்கெட்டை மட்டும் நான் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.